வேஸ்ட்கேட்டிடம் சொல்லும் அளவான பொய்: மின்னணு பூஸ்ட் கண்ட்ரோலரைப் புரிந்துகொண்டு வாங்குவது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகன் ஓசூரிலிருந்து பெங்களூர் அல்சூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். வைத்த காப்பி ஆறுவதற்குள் கைப்பேசியை என் பக்கம் நீட்டி, “அண்ணா, இந்த பூஸ்ட் கண்ட்ரோலர் எத்தனை பிஎஸ்ஐ கொடுக்கும்?” என்று கேட்டான். அவனிடம் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாமல் பிறந்த கார். போன வருடம் பட்டறையில் விட்டு ஒரு டர்போவைப் பொருத்தி வாங்கியிருக்கிறான். அது தள்ளும் காற்றின் அழுத்தம் நகரத்தில் ஓட்ட 5 பிஎஸ்ஐ, பந்தயத் தடத்துக்குப் போனால் 12 பிஎஸ்ஐ, இரண்டுக்கும் ஒரே பொத்தான். இதுதான் அவன் கனவு.

அந்தக் கருவி ஒரு பிஎஸ்ஐ கூடக் கொடுக்காது என்றேன். அவன் நம்பவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜே.சி. சாலையில் உதிரிபாகக் கடைகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே “இது பதினைந்து தரும், அது இருபது தரும்” என்ற பேச்சு காதில் விழும். ஊறுகாய் ஜாடியின் கொள்ளளவைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அன்று மதியம் வரை அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

புகையே ஊதும் துருத்தி

கொல்லன் உலையில் கரி அதிகம் போட்டால் மட்டும் இரும்பு பழுக்காது. துருத்தியால் காற்றை ஊத வேண்டும். எஞ்சினும் அப்படித்தான். கூடுதல் பெட்ரோலை எரிக்கக் கூடுதல் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் பிஸ்டன் இறங்கும்போது உறிஞ்சிய காற்றோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. டர்போ உள்ள எஞ்சினுக்குத் துருத்தி இருக்கிறது.

அந்தத் துருத்தியை யார் மிதிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உள்ளிழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. முதல் சக்கரம் டர்பைன், இரண்டாவது கம்ப்ரசர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. முழுவீச்சில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும்.

அப்படித் தள்ளப்படும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிக அழுத்தத்தில் இருக்கிறதோ, அந்த அதிகப்படியின் பெயர்தான் பூஸ்ட். பெட்ரோல் பங்கில் டயருக்கு “32 வையுங்கள்” என்கிறோமே, அதே பிஎஸ்ஐதான் இங்கும் அளவு. சிலர் பார் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.

ஏரிக்குக் கலிங்கு, டர்போவுக்கு வேஸ்ட்கேட்

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. காற்று அதிகம் போனால் புகை அதிகம் வரும். புகை அதிகம் வந்தால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுழலும். அது வேகமாகச் சுழன்றால் காற்று இன்னும் அதிகம் போகும். விட்டுவைத்தால் எஞ்சினோ டர்போவோ உடையும் வரை இது நிற்காது.

நம் ஊர் ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் கரையில் ஓரிடத்தில் கலிங்கு வைத்தார்கள். நீர் அந்த மட்டத்தைத் தொட்டால் உபரி தானாக வழிந்து போகும், கரை பிழைக்கும். டர்போவின் கலிங்குக்குப் பெயர் வேஸ்ட்கேட். பூஸ்ட் ஓர் அளவை எட்டியதும் இந்தக் கதவு திறந்து, புகையில் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் பக்கவழியாக வெளியே அனுப்பிவிடும். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். ஏரியில் சேர்த்த நீரே வழிகிறது. இங்கே வழிவது சேர்த்த காற்று அல்ல, சக்கரத்தைச் சுழற்றும் புகை.

கதவைத் திறப்பது ஆக்சுவேட்டர். ஒரு தகர டப்பா, உள்ளே ரப்பர் சவ்வு, சவ்வை ஒரு பக்கம் அழுத்தும் ஸ்பிரிங், சவ்வோடு இணைந்த கம்பி, அவ்வளவுதான். கம்ப்ரசரிலிருந்து விரலைவிட மெல்லிய ஒரு ஹோஸ் இந்த டப்பாவுக்கு வருகிறது. ஹோஸ் வழியாக வரும் அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றால் கம்பி நகரும், கதவு திறக்கும். ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐக்கு உரியது என்றால் பூஸ்டும் ஏறத்தாழ 7-இல் நிற்கும்.

இதுவரை பார்த்ததில் இரண்டு விஷயம் போதும். பூஸ்டை உண்டாக்குவது டர்போ. எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்.

பொய் எங்கே சொல்லப்படுகிறது

பழைய ஏரிகளில் கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களின் இடைவெளியைப் பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால், கூடுதலாகச் சில அடி நீர் நிற்கும். பூஸ்ட் கண்ட்ரோலர் செய்வது இந்த அடைப்பு வேலையைத்தான். ஆனால் அது கதவை நேரடியாகத் தொடுவதில்லை. ஆக்சுவேட்டருக்குப் போகும் செய்தியைத் திருத்துகிறது.

கம்ப்ரசருக்கும் ஆக்சுவேட்டருக்கும் இடையில் ஹோஸை வெட்டி, நடுவே ஒரு சொலினாய்டை வைக்கிறார்கள். மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறு வால்வு அது. வாஷிங் மெஷினுக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவதும் இதே இனம்தான். கார்களில் பரவலாக உள்ள வகைக்கு மூன்று வாய்கள். ஒன்று கம்ப்ரசர் பக்கம், ஒன்று ஆக்சுவேட்டர் பக்கம், மூன்றாவது வெளிக்காற்றுக்கு. மின்சாரம் இல்லாதபோது கம்ப்ரசரின் அழுத்தம் அப்படியே ஆக்சுவேட்டருக்குப் போகும். மின்சாரம் பாய்ந்தால் அந்த வழி அடைபட்டு, ஆக்சுவேட்டரில் இருந்த காற்று வெளியே கசிந்துவிடும்.

இந்தத் திறப்பும் மூடலும் வினாடிக்கு இருபது, முப்பது முறை நடக்கும். அந்த நேரத்தில் எத்தனை சதவீதம் மின்சாரம் பாய்கிறதோ, அதை டியூட்டி சைக்கிள் என்கிறார்கள். சதவீதம் கூடக்கூட ஆக்சுவேட்டர் உணரும் அழுத்தம் குறையும். உண்மையில் கம்ப்ரசரில் 12 பிஎஸ்ஐ இருக்கும். ஆக்சுவேட்டரிடமோ “இன்னும் 7-ஐத் தொடவில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதுவும் நம்பிக் கதவை மூடியே வைத்திருக்கும். டியூட்டி 40 என்றால் பூஸ்ட் 40 சதவீதம் கூடும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் அப்படி நேரான கணக்கு இல்லை. ஒவ்வொரு காரிலும் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தம்பியின் கனவு உடைந்தது இந்த இடத்தில்தான். அவன் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐ. கண்ட்ரோலரால் உண்மையை மறைக்க முடியும், இல்லாத அழுத்தத்தைச் சேர்த்துச் சொல்ல முடியாது. ஆகவே 7-க்கு மேல் ஏற்றலாம், 5-க்கு இறக்க முடியாது. குறைவான பூஸ்ட் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். “இதை எவனும் சொல்லவில்லையே அண்ணா” என்றான். விற்கிறவர் ஏன் சொல்லப்போகிறார்?

கையால் திருகும் வகை போதாதா?

பலருக்குப் போதும். விற்பனைப் பேச்சில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும் உள்ள கையால் திருகும் கண்ட்ரோலர், குறித்த அழுத்தம் வரும்வரை ஆக்சுவேட்டருக்கு எதையும் தெரியவிடாது. அதனால் கதவு முன்கூட்டியே விரியாது, பூஸ்டும் சுறுசுறுப்பாக ஏறும். ஒரே அளவு பூஸ்டில் ஓடும் காருக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. மலிவானது, கெடுவதற்கும் அதில் அதிகம் ஒன்றுமில்லை.

மின்னணு வகைக்குப் பணம் கொடுப்பதற்குச் சரியான காரணம், அது பார்த்துத் திருத்திக்கொள்ளும் என்பதுதான். தோசை சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் திருகை நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் வைப்பது ஒரு முறை. கல்லில் தண்ணீர் தெளித்து, சத்தத்தைக் கேட்டு, தீயைக் கூட்டிக் குறைப்பது இன்னொரு முறை. முதலாவதை ஓபன் லூப் என்றும் இரண்டாவதை குளோஸ்டு லூப் என்றும் சொல்வார்கள். குளோஸ்டு லூப் கண்ட்ரோலரில் மேப் சென்சார் இருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது அதன் வேலை. அதைப் பார்த்துக் கண்ட்ரோலர் தன் டியூட்டியை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ளும்.

விலை கூடிய சில கருவிகளில் உள்ளே ஓபன் லூப்தான் ஓடுகிறது, வெளியே வண்ணத்திரை மட்டும் மின்னுகிறது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

பெங்களூரில் 14, சென்னையில் 14

இதை நான் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். நம் ஊரில் வண்டியைச் செட் செய்துகொண்டு கிருஷ்ணகிரி வழியாகக் கீழே இறங்குகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. இங்கே அது 13.2 அளவில்தான் இருக்கும். டேஷ்போர்டு கேஜில் தெரியும் பூஸ்ட், வெளிக்காற்றுக்கு மேல் உள்ள கூடுதல் மட்டுமே என்று முன்பே பார்த்தோம். கேஜ் 14 காட்டினால் எஞ்சினுக்குள் மொத்த அழுத்தம் இங்கே 27.2, சென்னையில் 28.7. முள் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது என்பதால் அதற்கும் இந்த வேறுபாடு தெரியாது.

அதனால் என்ன என்று கேட்கலாம். காற்றை அழுத்தினால் சூடாகும். இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும்போது கம்ப்ரசரை விட்டு வரும் காற்று 100 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. சென்னை வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடு, குளிரவைக்க வரும் காற்றும் சூடு, மொத்த அழுத்தமும் ஒரு படி அதிகம். இந்த மூன்றும் சேர்ந்தால் நாக்கிங் வரும். தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேர்வதற்கு முன்பே, சிலிண்டரின் ஓரத்தில் உள்ள கலவை தானாக வெடிப்பதுதான் நாக்கிங். தகரத்தைச் சுத்தியலால் தட்டும் ஓசை கேட்கும். பிஸ்டனை அது உள்ளிருந்து தின்னும்.

பெங்களூர்க் காலை நேரத்துக் குளிரில் எல்லை வரை ஏற்றி வைத்த வண்டி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் மதிய வெயிலில் அதே எண்ணில் ஓடினால் பாதுகாப்பானது என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ட்ரோலர் கேஜ் அழுத்தத்தைக் குறிவைக்கிறதா, மொத்த அழுத்தத்தையா என்று கேளுங்கள். மொத்த அழுத்தத்தைக் குறிவைப்பதாக இருந்தால் இரண்டு ஊரிலும் எஞ்சின் காண்பது ஒன்றாக இருக்கும். அதற்கு ஈடாக இங்கே டர்போ கொஞ்சம் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். பெட்ரோலும் கணக்கில் வர வேண்டும். சில பங்குகளில் கிடைக்கும் எக்ஸ்பி 100 போன்ற, நாக்கிங்கை அதிகம் தாங்கும் உயர் ஆக்டேன் எரிபொருளில் செட் செய்துவிட்டு, வழியில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலை நிரப்பினால் கண்ட்ரோலருக்கு அது தெரியாது. அதற்கு அழுத்தம் மட்டுமே தெரியும்.

சுருக்கமாக: கேஜ் முள் சொல்வது பாதிக் கதை. ஊரின் உயரம், வெயில், பெட்ரோல் மூன்றும் மீதிக் கதை.

சில கார்களுக்கு இது தேவையே இல்லை

எச்கேஎஸ், கிரெட்டி, பிளிட்ஸ், டர்போஸ்மார்ட் என்று நாம் கேள்விப்படும் தனிக் கண்ட்ரோலர்கள் பேர்பெற்றது ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா, லான்சர் எவல்யூஷன் போன்ற கார்களில். அந்தக் கார்களின் வேஸ்ட்கேட் ஹோஸால் இயங்குவது.

இன்று ஷோரூமில் நிற்கும் கார் வேறு. எஞ்சினை ஆளும் கணினியான இசியுவே அதில் பூஸ்டையும் ஆள்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் வேஸ்ட்கேட்டை நகர்த்துவது ஒரு மின்மோட்டார். வெட்டுவதற்கு அங்கே ஹோஸே கிடையாது. ஹோஸ் இருக்கும் கார்களிலும் இசியு தான் கேட்ட பூஸ்டைவிட அதிகமாக வருவதைக் கண்டால் எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டிலை மூடும், அல்லது எரிபொருளை வெட்டும். ஒரே மாட்டுவண்டிக்கு இரண்டு பேர் கயிறு பிடித்த கதையாகிவிடும். இப்படிப்பட்ட கார்களுக்கு ரீமேப்தான் வழி, அதாவது இசியுவின் உள்ளே இருக்கும் அட்டவணைகளையே திருத்துவது. டீசல் கார்களில் பெரும்பாலும் டர்பைனைச் சுற்றியுள்ள தகடுகள் கோணத்தை மாற்றிப் பூஸ்டைக் கட்டுப்படுத்துகின்றன. அது முற்றிலும் வேறு ஏற்பாடு.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூஸ்ட் ஏற்றிய வண்டிக்கு இடம் பந்தயத் தடம்தான்.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியது

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அதிகபட்ச பிஎஸ்ஐயைப் பார்க்காதீர்கள். அது சென்சார் அளக்கக்கூடிய எல்லை, உங்கள் எஞ்சின் தாங்கும் எல்லை அல்ல. சொல்லப்போனால் தேவைக்கு மிகப் பெரிய எல்லை கொண்ட சென்சார் நுணுக்கத்தில் கொஞ்சம் மழுங்கல்தான். தங்கத்தை அரிசி மண்டித் தராசில் நிறுத்துவதுபோல.

மூன்று வாய் சொலினாய்டு, ஸ்பிரிங் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பூஸ்ட் வரை நிதானமாக ஆளும். 7 பிஎஸ்ஐ ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு 20 பிஎஸ்ஐ கேட்டால், எந்தப் பெரிய நிறுவனத்துக் கருவியும் தடுமாறும். அங்கே தேவை பெரிய ஸ்பிரிங்.

அடுத்தது ஓவர்பூஸ்ட் காவல். குறித்த எல்லையைத் தாண்டினால் கருவி என்ன செய்யும்? சில வெறும் சத்தம் போடும். சில சொலினாய்டின் மின்சாரத்தை நிறுத்திப் பூஸ்டை ஸ்பிரிங் அளவுக்கு இறக்கும். இரண்டாவதுதான் வேண்டும். கியருக்கு ஏற்ப பூஸ்டை மாற்றும் வசதி முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு மிக நல்லது. முதல் கியரில் முழு பூஸ்ட் வந்தால் டயர் புகையும், கார் நகராது. திரையின் வண்ணம், தொலைவிலிருந்து மாற்றும் செயலி இவற்றுக்கெல்லாம் என் பணத்தைக் கொடுக்க மாட்டேன்.

வேஸ்ட்கேட்டின் வாயே சிறிதாக இருந்தால் எந்தக் கண்ட்ரோலரும் உதவாது. கதவு முழுக்கத் திறந்தும் புகை வழிந்து தீராமல், சுற்று ஏற ஏற பூஸ்டும் தானாக ஏறிக்கொண்டே போகும். கலிங்கைவிட வெள்ளம் பெரிது. அதற்கு மருந்து பட்டறையில் இருக்கிறது, பெட்டிக்குள் இல்லை.

நகத்தளவு கீறல்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பழைய டர்போ கார் இருந்தது. ஒரு பட்டறையில் நல்ல கண்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தி வாங்கினேன். 12 பிஎஸ்ஐ, ஓவர்பூஸ்ட் காவல் 14. நிம்மதியாக ஓட்டினேன். ஒருநாள் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியைத் தாண்டி மூன்றாம் கியரில் மிதித்தேன். கேஜ் முள் 12-இல் நிற்கவில்லை. 18-ஐத் தொட்டதும் கார் சுவரில் முட்டியதுபோல ஒரு குலுங்கல். இசியு எரிபொருளை வெட்டியிருந்தது. அதுதான் எஞ்சினைக் காப்பாற்றியது.

ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்து, சூடு ஆறும்வரை நின்றேன். சொலினாய்டிலிருந்து ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ், புகைக்குழாய்க்கு அருகில் சும்மா விடப்பட்டிருந்தது. கிளாம்ப் போட்டு இறுக்கவில்லை. வெப்பத்தில் காய்ந்து, நிப்பிளில் செருகியிருந்த முனையில் நகத்தளவு கீறல் விட்டுக் கழன்று தொங்கியது. ஆக்சுவேட்டருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. கதவு மூடியே இருந்தது. கண்ட்ரோலர் தன் கடமையைச் செய்து சொலினாய்டின் மின்சாரத்தை நிறுத்தியும் இருந்தது. ஆனால் அது அனுப்பிய அழுத்தம் போய்ச்சேர வழி இல்லை.

சொலினாய்டு செத்தால் பூஸ்ட் குறையும், அது பாதுகாப்பான பக்கம். ஹோஸ் கழன்றால் பூஸ்ட் எல்லையின்றி ஏறும், கருவியின் காவல் அங்கே செல்லாது. அதனால் இசியுவில் ஒரு எரிபொருள் வெட்டு எல்லை இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் கண்ட்ரோலரைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பது என் கட்சி.

முதல் ஓட்டம்

பொருத்தியதும் டியூட்டியைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டி, ஸ்பிரிங்கின் உண்மையான அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சிறுசிறு படியாக ஏற்றலாம். ஒவ்வொரு படியிலும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகிறதா, நாக்கிங் எட்டிப்பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இடம் டைனோ, அதாவது உருளைகளின் மேல் காரை நிற்கவைத்து ஓட்டிச் சோதிக்கும் மேடை. நள்ளிரவு நைஸ் ரோடு அல்ல. குறித்த அளவைத் தாண்டி முள் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு இறங்கினால், கண்ட்ரோலர் கதவை அளவுக்கு மீறி நேரம் மூடிவைக்கிறது என்று பொருள். அந்த அமைப்பைத் தளர்த்த வேண்டும்.

தம்பியின் கார் எஞ்சினுக்குள் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பழையவையே. டர்போவுக்காக வடிக்கப்பட்டவை அல்ல. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பெரிதாக மாற்றவில்லை. 7 பிஎஸ்ஐயே அந்த எஞ்சினுக்குத் தாராளம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தெருவுக்கு இறங்கி, பானெட்டைத் திறந்து, ஆக்சுவேட்டர் ஹோஸைக் கையால் இழுத்துப் பார்த்தான். அது எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்தது.

மறுநாள் ஜே.சி. சாலையில் ஒரு மீட்டர் சிலிக்கான் ஹோஸும் நான்கு கிளாம்பும் வாங்கிக்கொண்டு ஓசூருக்குப் போனான்.